சின்ன மண்டபத்தில் அரங்கேற்றம்: எட்டு லைற்றை எங்கே வைப்பது?

சலங்கை ரீச்சர்:
திருகோணமலை நகருக்குள் ஒரு சின்ன மண்டபத்தில் ஐப்பசி நடுப்பகுதியில் ஒரு பிள்ளையின் பரதநாட்டிய அரங்கேற்றம் நடக்க இருக்கிறது. தனி ஆட்டம். அளவுகளை நாடா பிடித்து எடுத்து வைத்திருக்கிறேன். மண்டபம் 60 அடி நீளம், 30 அடி அகலம், சீலிங் 12 அடி. மேடை 22 அடி அகலம், 16 அடி ஆழம், இரண்டரை அடி உயரம், முழுக்கச் சீமெந்து. பின்னால் கறுப்புத் திரை. சீலிங்கில் ஆறு மின்விசிறி, மேற்குச் சுவரில் நாலு யன்னல். வாடகைக்குக் கிடைப்பது 54 × 3 வாட் எல்ஈடி பார் (PAR) என்கிற உருளை வடிவ மேடை லைற் 8, 500 வாட் ஹலஜன் 2, மேலே குறுக்குக் கம்பி வைத்த ரீ (T) ஸ்டான்ட் 2, லைற்றுகளைக் கூட்டிக் குறைக்கிற 192 சனல் கொன்ட்ரோலர் ஒன்று. தொடக்கம் பின்னேரம் 4.30. புஷ்பாஞ்சலியில் தொடங்கித் தில்லானா வரை ஏழு உருப்படி.

லைற்றை எங்கே வைக்க வேண்டும், மண்டபத்துக் கரண்ட் தாங்குமா, சீமெந்துத் தரையை என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அபிநயத்தில் கண்ணும் கையும், ஜதியில் காலும் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் எனக்குத் தேவையில்லை.

வெளிச்சம்:
ரீச்சர், நீங்கள் அளவு தந்தபடியால் கணக்காகவே சொல்லலாம். எட்டு பார் போதும். முன்னுக்கு நாலு, பக்கத்துக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு.

முன் ஸ்டான்ட் இரண்டையும் மேடை விளிம்பில் இருந்து 6 அடி முன்னே, மண்டபத்தின் நடுக்கோட்டில் இருந்து ஆளுக்கு 12 அடி விலக்கி, சுவரை ஒட்டி வையுங்கள். லைற் 11 அடி உயரத்துக்குப் போகும். மேடையில் நிற்கும் பிள்ளையின் கண் தரையில் இருந்து ஏழரை அடி. அப்படியென்றால் லைற் கண்ணை விட மூன்றரை அடிதான் மேலே இருக்கும். பிள்ளை மேடை நடுவில் நின்றால் கிடைத்தூரம் 18 அடிக்குக் கொஞ்சம் கூட, ஆக வெளிச்சம் ஏறக்குறைய 11 பாகை சரிவில் வரும். பெரிய அரங்குகளில் சொல்லும் 45 பாகை இந்த சீலிங்குக்குள் கிடைக்கவே கிடைக்காது. அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சரிவு குறைந்தால் முகம் கொஞ்சம் தட்டையாகத் தெரியும், ஆனால் கண்குழிக்குள் வெளிச்சம் போகும். நேர் தலைக்கு மேலிருந்து அடித்தால் புருவத்துக்குக் கீழே கறுத்துவிடும். அபிநயத்துக்கு அது பெருங்கேடு.

ஸ்டான்டை நேர் முன்னால் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் நிழல். நேரே வைத்தால் தலையின் நிழல் பின்திரையில் ஆளுக்குப் பின்னாலேயே விழும், ஒவ்வொரு அசைவையும் இரட்டிப்பாக்கிக் காட்டும். 12 அடி பக்கவாட்டில் இருந்து அடித்தால் நிழல் 7 அடி அளவு தள்ளிப் போய் விழும். திரை மினுங்காத துணியாக இருந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு ஸ்டான்டிலும் இரண்டு லைற். ஒன்று தன் பக்கத்து அரை மேடைக்கு, மற்றது எதிர்ப்பக்கத்து அரை மேடைக்கு. இந்த பார்களின் கற்றை பொதுவாக 25 பாகை, 18 அடியில் எட்டடி வட்டம் பிடிக்கும். கிட்டத்து அரைக்குத் தூரம் 16 அடி, எட்டத்து அரைக்கு 21 அடி. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறைகிறபடியால் கிட்ட விழுவது முக்கால் பங்கு கூடுதலாக இருக்கும். ஆகவே கிட்டத்து லைற்றை 60 வீதத்துக்கு இறக்குங்கள், கொன்ட்ரோலரில் 255க்குப் பதில் 150. இதைச் செய்யாவிட்டால் பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் போகும்போது முகம் மங்கி மங்கி வரும். அதற்கு லைற் போதாது என்று எல்லாரும் நினைப்பார்கள். பிழை சமப்படுத்தாததில்தான்.

பக்க லைற் இரண்டையும் திரைமறைவில், மேடைத் தரையில் இருந்து 4 அடி உயரத்தில் வையுங்கள். கையையும் இடுப்பையும் அரைமண்டியின் முழங்காலையும் உருட்டிக் காட்டுவது இந்த இரண்டும்தான். ஆட்டத்துக்குப் பக்க லைற்தான் உயிர். நாலு லைற் மட்டும் கிடைத்தால்கூட இரண்டைப் பக்கத்தில் வைப்பேன். பக்கவாத்தியம் இருக்கும் பக்கத்தில் மட்டும் 7 அடிக்கு உயர்த்திக் கீழே சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்பவரின் தலை நிழல் பிள்ளையின் மேல் விழும்.

பின் லைற் இரண்டும் திரைக்கு 3 அடி முன்னே, சீலிங்கை ஒட்டி. கறுத்த முடி கறுப்புத் திரைக்குள் கரைந்து போகாமல் இருக்கத் தோளிலும் தலையிலும் ஒரு வரி வெளிச்சம் வேண்டும். முன்வரிசையின் கண்ணில் குத்தாமல் இருக்க ஒவ்வொன்றின் வாய்க்கும் கறுப்பு அடித்த தகரத்தில் 6 அங்குல மறைப்புப் போடுங்கள். 40 வீதம் போதும்.

வயர் வேலை:
ரீச்சர், கரண்ட் கணக்கு இது. பார் ஒன்று 54 × 3 என்றால் 162 வாட். உண்மையில் அதை விடக் குறையத்தான் இழுக்கும், ஆனால் கணக்குக்கு முழுவதையும் எடுங்கோ. எட்டுக்கும் 1,296 வாட், 230 வோல்ற்றில் 5.6 அம்பியர். ஹலஜன் இரண்டும் 1,000 வாட், 4.3 அம்பியர். கூட்டினால் ஏறக்குறைய 10 அம்பியர். ஒரு 13 அம்பியர் பிளக்கில் ஏறும்தான். ஆனால் ஒன்றிலேயே ஏற்ற வேண்டாம். மூன்று மணித்தியாலம் ஓடும், வெக்கை மண்டபம், பழைய பிளக்கின் உள்பிடி தளர்ந்திருந்தால் அந்த இடம்தான் முதலில் கருகும். பாரை ஒரு பிளக்கிலும் ஹலஜனை வேறு பிரேக்கரில் இருக்கிற பிளக்கிலும் குடுங்கோ. சவுண்டுக்கு மூன்றாவது வேணும்.

எந்த பிளக் எந்த பிரேக்கர் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதை நம்பாதேங்கோ. ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி, மேசை லாம்பு ஒன்றைச் செருகிப் பார்த்துத் தாளில் குறித்து வையுங்கோ. கால் மணித்தியால வேலை.

எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீற்றராக இருக்க வேணும். உருளையில் சுற்றின வயர் என்றால் முழுக்க அவிழ்த்துவிட வேணும். பாதி சுற்றினபடி பாவித்தால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகி ஒட்டிப் போகும். மிச்ச வயரை மேடைக்குக் கீழே நீட்டி நெளித்துப் போடுங்கோ, வளையமாகச் சுருட்ட வேண்டாம்.

பாரின் உடம்பு உலோகம். எர்த் கம்பியை வெட்டிவிட்டு இரண்டு கம்பி பிளக் போட்ட லைற் ஒன்றும் மேடைக்குப் போகக் கூடாது. வெறுங்காலும் வியர்வையும் இருக்கிற இடம் அது. ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியராக இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கோ. விழாவிட்டால் அந்த மண்டபத்தில் லைற் கட்ட வேண்டாம், முதலில் அதை மாற்றுவியுங்கோ.

நிலாவெளி இளையவன்:
நல்ல தகவல்கள் அண்ணை. ஒரு யோசனை: இப்ப எல்லா நிகழ்ச்சிக்கும் மூவிங் ஹெட் என்கிற தலை சுழலும் லைற் நாலு கொண்டுவந்து சிவப்பு, நீலம், பச்சை மாற்றி மாற்றி விடுகிறார்கள். பார்க்க எடுப்பாக இருக்குமே? பின்னுக்கு எல்ஈடி திரையும் வைத்தால்?

வெளிச்சம்:
தம்பி, பாட்டுக் கச்சேரிக்கு அது சரி. பரதத்துக்கு நிறத்தை விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கோ. அரக்குப் பட்டுக்குப் பச்சை அடித்தால் கறுப்பாகிவிடும். மயில்பச்சைக்குச் சிவப்பு அடித்தாலும் அதே கதி. ஒரு நிறத்துத் துணி அந்த நிறத்தைத்தான் திருப்பி அனுப்பும், வருகிற வெளிச்சத்தில் அது இல்லாவிட்டால் அனுப்ப ஒன்றும் இல்லை. நீலத்தை முன்னிருந்து அடித்தால் எங்கள் தோல் சாம்பல் பூத்து, உதட்டுச் சாயம் கறுத்து, சரிகை செத்துப் போகும். கை நிறைய அழகு செய்து வந்த பிள்ளைக்கு அது அநியாயம்.

நிறம் வேண்டுமென்றால் பின் லைற்றில் மட்டும் போடுங்கோ. முன்னும் பக்கமும் சூடான வெள்ளையாகவே இருக்கட்டும். மூவிங் ஹெட்டின் உள்விசிறிச் சத்தம் சின்ன மண்டபத்தில் புல்லாங்குழலுக்கு மேலே கேட்கும். பின்னுக்கு எல்ஈடி திரை எரிந்தால் கண் முதலில் அதற்குத்தான் போகும், முன்னால் நிற்கிற பிள்ளை வெறும் நிழலுருவாகத் தெரிவாள். அதைச் சமாளிக்க முன் லைற்றைக் கூட்டினால் திரை வெளிறும். இரண்டும் கெடும்.

ரீச்சர், இந்த பாரில் வெள்ளை எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அதன் 54 எல்ஈடி முத்தில் பெரும்பாலும் சிவப்பு 12, பச்சை 18, நீலம் 18, வெள்ளை 6. எல்லாவற்றையும் முழுக்க ஏற்றினால் நீலம் தட்டிய குளிர் வெள்ளைதான் வரும், அதில் மஞ்சள் பூசிய முகம் நோயாளி மாதிரி இருக்கும். வெள்ளை 255, சிவப்பு 255, பச்சை 150, நீலம் 40 என்று தொடங்குங்கள். பிறகு அலங்காரம் முடித்த முகத்தையும் அன்று உடுத்தும் பட்டையும் மேடையில் வைத்துப் பார்த்து, பச்சையை ஐந்து ஐந்தாகக் குறைத்து வாருங்கள். வெறும் முகத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

வயர் வேலை:
ஹலஜனையும் விட்டுவிடாதேங்கோ. தோல் நிறத்துக்கும் பட்டுக்கும் ஹலஜன் வெளிச்சத்துக்கு இந்த பார் கிட்ட வராது. ஒவ்வொரு முன் ஸ்டான்டிலும் இரண்டு பாருக்கும் நடுவில் ஒன்றாகப் போடலாம். ஆனால் நீளக் குழாய் பல்ப் கிடையாகவே இருக்க வேணும், சரித்து மாட்டினால் உள்ளிழை ஒரு பக்கம் சூடேறிக் கெதியாக அறும். பல்ப்பை வெறுங்கையால் தொடக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கண்ணாடி வெடிக்கும். திரை, பூமாலை, பிளாஸ்ரிக் அலங்காரம் எல்லாம் 3 அடிக்கு அப்பால். முன் கண்ணாடியோ கம்பி வலையோ இல்லாத ஹலஜனை ஆட்களுக்கு மேலே ஏற்றவே வேண்டாம்.

வெளிச்சம்:
ஹலஜன் விஷயத்தில் முழுதாக உடன்படேலாது அண்ணை. நிறம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டி ஹலஜனுக்கு அடக்கம் இல்லை. சுவர், சீலிங், திரை எல்லாவற்றிலும் சிந்தும், மேடையைச் சுற்றி இருட்டே இல்லாமல் பண்ணிவிடும். அலாரிப்பு, தில்லானாவுக்குச் சரி. பதத்துக்கு நிறுத்திவிட வேணும். ஒன்று செய்யலாம்: இரண்டு பக்கமும் கறுப்புத் தகரம் வைத்து, 4 அடி எட்டத்தில் இருந்து சுவரில் அடித்துப் பார்த்து, சிந்தலை வெட்டினால் பாவிக்கலாம்.

வயர் வேலை:
அது சரி. தகரம் வெட்டினால் காற்றோட்டத் துவாரத்தை மூடாமல் வெட்ட வேணும். இன்னொன்று, ஹலஜனுக்கு டிம்மர் போட்டால் சவுண்டில் “ங்ங்” என்று இரைச்சல் ஏறும். மைக் வயரும் டிம்மர் வயரும் ஒரே வழியில் ஓடக் கூடாது. வெட்டித்தான் போக வேணுமென்றால் நேர் குறுக்காக வெட்டுங்கோ.

சலங்கை ரீச்சர்:
நன்றி. கொன்ட்ரோலரில் முதல் இரண்டு லைற் மட்டும் வேலை செய்கிறது, மற்றவை தம்பாட்டுக்கு மின்னுகின்றன என்று வாடகைக்குத் தருபவர் சொல்கிறார். லைற் பழுதா?

வெளிச்சம்:
பெரும்பாலும் முகவரிப் பிழை, அதாவது லைற் கட்டளை கேட்கத் தொடங்கும் சனல் எண்ணில் பிழை. 192 சனல் கொன்ட்ரோலர் 12 லைற்றுக்கு ஆளுக்கு 16 சனல் ஒதுக்கும். ஆகவே லைற்றின் பின்பக்கத் திரையில் முகவரிகள் 1, 17, 33, 49, 65, 81, 97, 113 என்று இருக்க வேணும். ஏழு சனல் லைற் என்று பார்த்து 1, 8, 15 என்று போட்டிருப்பார்கள், அது கணினியில் இருந்து ஓட்டுவதற்கான கணக்கு. திரையில் “A” அல்லது “d” எழுத்தோடு எண் நிற்கும். “A” சில லைற்றில் தானியங்கி நிலை, கொன்ட்ரோலரின் கட்டளையைக் கேட்கிற டிஎம்எக்ஸ் நிலைக்கு மாற்றிய பிறகுதான் முகவரி வேலை செய்யும். கிட்ட அரை, எட்ட அரை என்று இரண்டு மட்டத்தைத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டியிருப்பதால் முன் நாலையும் ஒரே முகவரியில் போட வேண்டாம். பின் இரண்டை ஒரே முகவரியில் போடலாம், ஒரு விரல் மிச்சம்.

முகவரி சரியாக இருந்தும் மின்னினால் வயரைப் பாருங்கோ. மைக் வயர் செருகிக் கொள்ளும், ஆனால் அது டிஎம்எக்ஸ் வயர் இல்லை. டிஎம்எக்ஸுக்கு 120 ஓம் வயர் வேணும். குறுகிய தூரத்தில் மைக் வயர் ஓடிவிடும், 60 அடிக்கு மேல் போனால் சமிக்ஞை திரும்பி மோதி லைற் துடிக்கும். கடைசி லைற்றின் வெளித்துளையில் 2ஆம், 3ஆம் கம்பிக்கு இடையில் 120 ஓம் மின்தடை பற்றாசு பிடித்த பிளக் ஒன்றைச் செருகுங்கோ. மிகச் சின்னச் செலவு. ஒரு லைற்றில் இருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலியாகவே போக வேணும், “Y” எழுத்து மாதிரிப் பிரித்து விடக் கூடாது.

கமராக்காரன்:
அரங்கேற்றத்தில் எல்லாக் குடும்பமும் வீடியோ எடுக்கும், அதற்காக ஒரு வார்த்தை. எல்ஈடியை மங்கலாக்குவது அணைத்து அணைத்து எரிப்பதால்தான். கண்ணுக்குத் தெரியாது, கமராவில் படுக்கைக் கோடுகளாக ஓடும். 50 ஹேர்ட்ஸ் கரண்டுக்கு ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் பூட்டுங்கோ, இது ஹலஜன், ரியூப் லைற்றின் துடிப்பைத் தீர்க்கும். எல்ஈடிக் கோடு அப்படியும் நின்றால் லைற்றின் பட்டியலில் துடிப்பு வேகம் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக் கூட்டுங்கோ. இல்லாவிட்டால் இரண்டு லைற்றை 20 வீதத்தில் எரிப்பதை விட, இரண்டில் ஒன்றை அணைத்து மற்றதை 40 வீதத்தில் எரியவிடச் சொல்லி லைற் பிடிப்பவரைக் கேளுங்கோ. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு உருப்படிக்கும் முகம் நிறம் மாறும், முதல் உருப்படியிலேயே பூட்டி வையுங்கோ.

ஒலியும் அரங்கும்:
ஒருவரும் மின்விசிறியைத் தொடவில்லை. சீலிங் விசிறியின் இலை தரையில் இருந்து பத்து, பத்தரை அடியில் சுற்றும். முன் ஸ்டான்டின் லைற் 11 அடி. மேடைக்குப் போகிற கற்றை விசிறி இலையை வெட்டிக்கொண்டு போனால் மேடை முழுக்கப் படபடவென்று அடிக்கும், லைற் பழுது என்று வயரைத் தேடிக்கொண்டு நிற்பீர்கள். முன்வரிசை விசிறி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். பக்கவாத்தியக்காரருக்கு நிற்கும் விசிறி வைத்தால் மைக்குக்குப் பின்பக்கம் இருந்து வீச வேண்டும், குத்துவிளக்குப் பக்கம் திரும்பக் கூடாது.

யன்னல் இன்னும் முக்கியம். ஐப்பசியில் இங்கே ஆறு மணியை அண்டித்தான் பொழுது சாயும். 4.30க்கு மேற்கு யன்னல் வழி வருகிற வெயிலுக்கு முன்னால் எட்டு பாரும் விளக்குத்திரிதான். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக வெளிச்சட்டத்தில் அடியுங்கள். ஐந்தரைக்குத் தொடங்க முடிந்தால் அதைவிட நல்லது.

தரைக்கு வருகிறேன். சீமெந்தின் மேல் மூன்று மணித்தியாலம் தட்டாடவு போட்டால் கணுக்காலும் முழங்காலும்தான் அடி வாங்கும். நேரே வைனில் விரிப்புப் போடுவது வழுக்கலுக்குத்தான் மருந்து, அதிர்ச்சிக்கு இல்லை. கம்பளம் போடவே கூடாது, கால் திரும்பும்போது கம்பளம் பிடித்துக்கொள்ளும், தட்டின் சத்தமும் செத்துவிடும்.

எட்டுக்கு நாலு, 12 மில்லிமீற்றர் பிளைவூட் 16 பலகை எடுங்கள். 8 பலகை 16 × 16 அடியை மூடும், மற்ற எட்டும் அதற்கு மேலே குறுக்காக, பொருத்துகள் ஒன்றின் மேல் ஒன்று வராமல். கீழே இறுக்கமான ரப்பர் விரிப்பு, 10 மில்லிமீற்றர் அளவு. மெத்தைப் பஞ்சு வேண்டாம், அமிழ்ந்து கால் தள்ளாடும். இரண்டு அடுக்கையும் அடிக்கு ஒன்றாக 20 மில்லிமீற்றர் ஸ்குரூவால் பிணைத்து, தலையை மேற்பரப்புக்குக் கீழே இறக்குங்கள். நீளமான ஸ்குரூ அடியால் வெளிவந்து ரப்பரைக் கிழிக்கும். ஆணி அடிக்காதீர்கள், ஆட ஆட மேலே கிளம்பும். விளிம்பைச் சாய்வாகச் சீவி, மணலுத்தாள் தேய்த்து, வெறுங்கையால் தடவிப் பாருங்கள். கை பிடித்தால் காலும் பிடிக்கும்.

மெழுகு, பொலிஷ் ஒன்றும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கடற்கரை ஊரில் ஐப்பசி ஈரக்காற்றுக்குப் பலகை பிசுபிசுக்கும், உலர்ந்த துணி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். குத்துவிளக்கின் கீழே தாம்பாளம் கட்டாயம், எண்ணெய்ச் சொட்டு ஆடுகளத்துக்கு வரக் கூடாது. திரையில் இருந்து விளக்கு 3 அடி தள்ளி. ஒவ்வொரு உருப்படிக்கும் பிறகு ஒருவர் தும்புத்தடியால் ஒரு இழுவை இழுக்க வேண்டும், கழன்று விழுந்த சலங்கை மணி ஒன்று போதும் பாதத்தைக் கிழிக்க.

கால் தெரிவதற்கு மேடையை உயர்த்துவதை விடக் கதிரையை மாற்றுவது பலன் தரும். இருப்பவரின் கண் நாலடி, முன்னால் இருப்பவரின் தலை நாலே கால் அடி, மேடைத்தளம் இரண்டரை அடி. நேர் வரிசையில் கால் தெரியவே தெரியாது. ஒவ்வொரு வரிசையையும் அரைக் கதிரை விலக்குங்கள். முன்னால் பாய் விரித்துச் சிறுவர்களை இருத்துவதென்றால் மேடையில் இருந்து 6 அடி விட்டு.

நிலாவெளி இளையவன்:
கோயில் வீதியில் திறந்த மேடை என்றால் இதெல்லாம் சரிவருமா?

வயர் வேலை:
தம்பி, அது வேறு கணக்கு. சாதாரண பார் மழைக்கு ஆனதில்லை. பொலித்தீன் சுற்றினால் விசிறி மூச்சடைத்து உள்ளே வெந்துவிடும். மேலே மட்டும் தகரக் கூரை மாதிரி பிடிக்க வேணும், இல்லாவிட்டால் தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத ஐபி 65 என்று போட்ட லைற் எடுங்கோ. கச்சான் காற்றுக்கு ரீ ஸ்டான்ட் நிற்காது, ஒவ்வொரு காலிலும் 15 கிலோ மணல் மூட்டை. உப்புக் காற்றில் கொக்கியும் நட்டும் துருப்பிடிக்கும். கட்டும்போதே கையால் முறுக்கிப் பார்த்து, அரித்ததைக் கழியுங்கோ.

ஜெனரேற்றர் என்றால் 5 கேவிஏ என்பது 4,000 வாட்தான், அதையும் முழுக்க ஏற்றாதேங்கோ. மண்டபத்தில் ஜெனரேற்றர் பாவித்தாலும் இதே விதி. கரண்ட் போனால் என்று ஜெனரேற்றரை இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் சுவர் பிளக்கில் செருகுகிற பழக்கம் இருக்கிறது. அந்தக் கம்பியின் மறுமுனை உயிரோடு நிற்கும், கரண்ட் திரும்பி வெளி லைனுக்கும் ஏறும், கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும். மாற்றுச் சுவிச் இல்லாவிட்டால் லைற்றுகளையே ஜெனரேற்றரில் இருந்து நேராக ஓட்டுங்கோ.

சலங்கை ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. உருப்படி வரிசைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள். புஷ்பாஞ்சலி: பின் லைற் மட்டும் எரிய நுழைவு, முதல் ஜதியோடு முன் லைற் ஐந்து எண்ணிக்கையில் ஏறும். அலாரிப்பு, ஜதிஸ்வரம்: முன்னும் பக்கமும் முழு. சப்தம்: அதே. வர்ணம்: ஜதிக்கு முழு, சாகித்திய அபிநயத்துக்குப் பக்க லைற் பாதி. பதம்: முன் 60, பக்கம் 30, பின்னுக்கு இள நீலம். தில்லானா: எல்லாம்.

வெளிச்சம்:
வர்ணத்தில் மட்டும் ஒரு திருத்தம் ரீச்சர். அரை மணித்தியாலத்துக்கு மேல் போகிற உருப்படியில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் (ஜதிக் கோர்வைக்கும்) ஏற்றி இறக்கினால் பார்ப்பவர் லைற்றைப் பார்க்கத் தொடங்குவார்கள். முதற் பாதியான பூர்வாங்கத்துக்கு ஒரு நிலை, பிற்பாதியில் சரணத்துக்கு ஒரு நிலை, இடையில் 15 எண்ணிக்கையில் மெதுவாக மாற்றம். அவ்வளவுதான். பதத்தில் முன் லைற்றை 60க்கு இறக்குவதும் கொஞ்சம் துணிச்சல், கடைசி வரிசையில் இருந்து கண் தெரிகிறதா என்று ஒத்திகையில் நீங்களே போய் இருந்து பாருங்கள். உருப்படிக்கு இடையில் முழு இருட்டு வேண்டாம், பின் நீலம் 10 வீதத்தில் நிற்கட்டும். மேடை விளிம்பிலும் படியிலும் வெள்ளை நாடா ஒட்டி, நடுப்புள்ளிக்கு ஒரு அங்குல நாடா.

வயர் வேலை:
லைற்றுகளை ஒன்றாகப் போடாதேங்கோ ரீச்சர், இரண்டு விநாடி விட்டு ஒவ்வொன்றாக. எட்டும் ஒரே நேரம் இழுத்தால் பிரேக்கர் விழலாம். பின் லைற் இரண்டுக்கும் கொக்கியோடு சேர்த்துப் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம், அவை பிள்ளையின் தலைக்கு மேலே. சங்கிலியைக் கொக்கியில் இல்லை, சீலிங் குழாயைச் சுற்றி மாட்ட வேணும்.